தலையணையைத் தடை செய்தார்கள், அப்புறம்?

1998 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. பிரஸ்ஸல்ஸ் நகரின் ஸாவென்டெம் விமான நிலையத்தில், டோகோ நாட்டின் லோமே நகருக்குப் போகும் சபீனா விமானம் ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது. அதற்குள் கை கால் விலங்கோடு ஒரு பெண் உட்கார வைக்கப்படுகிறார். செமிரா அடாமு, நைஜீரியாக்காரர், வயது இருபது. சுற்றிலும் பெல்ஜியத்தின் ஜென்டார்மரி படையினர். அவர் குரல் எழுப்பியதும், முகத்தைத் தங்கள் மடியில் இருந்த ஒரு தலையணையில் வைத்து அழுத்துகிறார்கள். பல நிமிடங்கள். நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அன்று இரவே இறந்துபோனார்.

இது தனி ஒரு காவலரின் வெறியாட்டம் இல்லை. தலையணை வைப்பது அப்போது பெல்ஜியத்தில் அனுமதிக்கப்பட்ட முறை. நாடுகடத்தப்படுபவர் கத்தினால் மற்ற பயணிகளுக்குக் கேட்காமல் இருக்க, கடித்தால் காவலருக்குக் காயம் படாமல் இருக்க என்று விதிமுறையிலேயே இடம் இருந்தது. அதனால்தான் படையினர் எதையும் மறைக்கவில்லை. அவர்களே கொண்டு வந்த கேமராவில் அவர்களே எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் அந்தக் காணொளியே முக்கியமான சாட்சியானது.

குடியேற்ற அதிகாரிகள் கையால் ஒருவர் சாகிறார், நாடு கொதிக்கிறது, அமைச்சர் பதவி போகிறது, விதிகள் திருத்தப்படுகின்றன. சரி, கடைசியில் என்னதான் மாறியது? இதற்குப் பதில் தேட செமிராவின் கதையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஏன் என்றால், இந்த வகை மரணங்களில் இவ்வளவு பெரிய அரசியல் விலை கொடுக்கப்பட்டது மிக அபூர்வம்.

அவர் ஏன் வந்தார்

வயதான, ஏற்கெனவே மனைவிகள் உள்ள ஒருவருக்குத் தன்னைக் கட்டாயமாக மணம் முடிக்கப் பார்த்தார்கள், அதிலிருந்து தப்பி வந்தேன் என்பதுதான் செமிரா சொன்ன காரணம். 1998 மார்ச் மாதம் பிரஸ்ஸல்ஸில் இறங்கியதும் தடுத்து நிறுத்தப்பட்டார். விமான நிலையத்தை ஒட்டிய ஸ்டீனோக்கர்ஸீல் என்ற ஊரில் '127 பிஸ்' எனப்படும் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்.

அகதி என்பதற்கு 1951 ஜெனீவா உடன்படிக்கை சொல்லும் காரணங்கள் ஐந்து: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து. கட்டாயத் திருமணம் இந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. 'சமூகக் குழு' என்ற வரிக்குள் பெண்கள் மீதான கொடுமைகளைச் சேர்க்கலாமா என்ற விவாதம் அப்போதுதான் சூடு பிடித்துக்கொண்டிருந்தது. செமிராவின் மனு நிராகரிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். மனு தோற்று, மேல்முறையீடும் முடிந்துவிட்டால், திருப்பி அனுப்பப்படுபவர் கையில் மிச்சம் இருப்பது அவருடைய உடம்பு மட்டும்தான். நம்ம ஆட்களுக்கு இது புதிதில்லை. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்பட இருந்த இலங்கைத் தமிழர்கள், ஆடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று விமானம் ஏற மறுத்தார்கள். அதற்குப் பிறகு அதே ஆண்டில் வந்த சட்டம் தெரியுமில்லையா? சரியான ஆவணம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனத்துக்கு 1,000 பவுண்டு அபராதம். அடுத்தவர்கள் புறப்படும் இடத்திலேயே தடுக்கப்பட்டார்கள்.

செமிராவும் உடம்பால்தான் மறுத்தார். அவரை விமானம் ஏற்றும் முயற்சி பலமுறை தோற்றது. ஒருமுறை, பயணிகளே எழுந்து எதிர்த்ததால் இறக்கிவிட நேர்ந்தது. நாடுகடத்தலை எதிர்க்கும் இயக்கத்தினர் அவருடைய கதையை வெளியே கொண்டு வந்தார்கள். முகாமுக்குள் இருந்தபடியே தொலைபேசியில் பேசி, தனக்கு நடந்ததை அவர் சொன்னார். ஆக, இறப்பதற்கு முன்பே பெல்ஜிய மக்கள் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது. இந்த விவரம் முக்கியம்.

ஒரு வாரத்துக்குள் விழுந்த அமைச்சர்

செப்டம்பர் 26 சனிக்கிழமை. பிரஸ்ஸல்ஸின் பெரிய தேவாலயமான புனித மைக்கேல் - புனித குடுலா பேராலயத்தில் இறுதி மரியாதை. ஆயிரக்கணக்கில் கூட்டம். செமிராவின் முகத்தை அழுத்திய படையினரில் ஒருவர், முன்பே இன்னொரு நாடுகடத்தலில் வன்முறைக்காக ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர் என்ற செய்தியும் வெளியே வந்தது. அந்த மரணம் நடந்த ஒரு வாரத்துக்குள் உள்துறை அமைச்சர் லூயி டொபாக் பதவி விலகினார்.

இதற்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கு. அவருக்கு முன் உள்துறையில் இருந்த யோஹன் வான்டெ லனோட் அதே ஆண்டு ஏப்ரலில்தான் பதவி விலகியிருந்தார். குழந்தைகளைக் கடத்திக் கொன்ற மார்க் துத்ரூ என்ற குற்றவாளி, காவலில் இருந்து சில மணி நேரம் தப்பி ஓடியதுதான் காரணம். அந்த வழக்கில் காவல்துறை சொதப்பிய விதத்தை எதிர்த்து 1996 அக்டோபரில் லட்சக்கணக்கான மக்கள் வெள்ளை உடையும் வெள்ளைப் பூவுமாக பிரஸ்ஸல்ஸில் ஊர்வலம் போயிருந்தார்கள். ஜென்டார்மரி மேல் மக்களுக்கு நம்பிக்கை ஏற்கெனவே செத்துப் போயிருந்த நேரம். ஆறே மாதத்தில் இரண்டாவது உள்துறை அமைச்சர் போனது, செமிராவால் மட்டும் நடந்ததல்ல. காய்ந்த வைக்கோல் போர் ஏற்கெனவே அங்கே இருந்தது.

இதை லண்டனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும். 1993 ஜூலை 28 காலை, ஜமைக்காவைச் சேர்ந்த ஜாய் கார்ட்னர் என்ற நாற்பது வயதுப் பெண்ணின் வீட்டுக்குள் காவலர்களும் குடியேற்றத் துறை அதிகாரியும் நுழைந்தார்கள். நாடுகடத்தலுக்கென்றே லண்டன் காவல்துறையில் தனிப் பிரிவு ஒன்று இருந்தது. அவரைக் கட்டிப்போட்டு, தலையைச் சுற்றி 13 அடி நீள டேப்பை ஒட்டினார்கள். அவருடைய ஐந்து வயது மகன் அப்போது அதே வீட்டில் இருந்தான். மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்டு, சில நாளில் இறந்தார். போராட்டம் நடந்தது, பத்திரிகைகள் எழுதின. அமைச்சர் யாரும் பதவி விலகவில்லை. வாயை அடைக்கும் டேப் தடை செய்யப்பட்டது. வழக்கைச் சந்தித்த மூன்று காவலர்களும் 1995இல் விடுதலை ஆனார்கள்.

கொடுமையின் அளவை வைத்து இரண்டையும் தராசில் நிறுத்த முடியாது. ஆனால் ஜாயின் பெயர் அவர் இறந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. செமிராவின் பெயர் முன்பே தெரியும். லண்டனில் அரசு ஆட்டம் காணவில்லை. பிரஸ்ஸல்ஸில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. கொதிப்பின் அளவைத் தீர்மானித்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

பொருளும் விதியும்

1997இலேயே ஐரோப்பிய மன்றத்தின் சித்திரவதைத் தடுப்புக் குழு தன் ஆண்டறிக்கையில், நாடுகடத்தும்போது ஒருவர் வாயை அடைப்பது மிக ஆபத்தான செயல் என்று எச்சரித்திருந்தது. அறிக்கை வந்த மறு ஆண்டில் செமிரா. அதற்கு மறு ஆண்டில் இன்னும் இருவர்.

1999 மே 1: வியன்னாவிலிருந்து சோஃபியா போகும் விமானத்தில் நைஜீரியாவைச் சேர்ந்த மார்கஸ் ஒமோஃபுமா. வாயில் டேப். 1999 மே 28: ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து புறப்பட்ட லுஃப்தான்சா விமானத்தில் சூடானைச் சேர்ந்த ஆமிர் அகீப். தலையில் ஹெல்மெட் மாட்டி, குனிய வைத்து அழுத்தினார்கள். ஒரே மாதத்தில் இரண்டு மரணம். ஜெர்மனியில் உள்துறை அமைச்சர் ஓட்டோ ஷிலி, எதிர்ப்பவர்களை நாடுகடத்துவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார். ஆஸ்திரியாவில் உள்துறை அமைச்சர் கார்ல் ஷ்லோகல் பதவி விலகவில்லை. இரண்டு நாட்டிலும் காவலர்களுக்குக் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட சில மாதச் சிறைத் தண்டனை.

டேப், தலையணை, டேப், ஹெல்மெட். வரிசையாக வச்சுப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் மக்களின் கோபம் கையில் இருந்த அந்தப் பொருளின் மேல் போய் விழுகிறது. அரசும் அதைத் தடை செய்துவிடுகிறது. ஆனால் 'இன்றைக்கு, இந்த விமானத்தில், இந்த ஆள் எப்படியாவது போய்ச் சேரணும்' என்ற உத்தரவு அப்படியே இருக்கிறது. என் தொழிலில் இதை தினமும் பார்க்கிறோம். புகார் வந்த அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவோம். அடுத்த மாதம் அதே கோளாறு வேறு பெயரில் வந்து நிற்கும்.

பெல்ஜியத்தில் நடந்ததைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. தத்துவப் பேராசிரியர் எட்டியன் வெர்மீர்ஷ் தலைமையில் ஒரு குழு அமைத்து நாடுகடத்தல் விதிகளை ஆராய்ந்தார்கள். மூச்சுப்பாதையை அடைக்கும் எந்த முறையும் கூடாது என்று ஆனது. ஆவணமற்றவர்கள் தேவாலயங்களில் தங்கிப் போராடினார்கள். 1999 தேர்தலில் ஆட்சி மாறி, அந்த டிசம்பரில் முறைப்படுத்தல் சட்டம் வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. அவர்களில் பலருக்குச் சட்டப்படி வாழும் உரிமை கிடைத்தது. அதில் செமிராவுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் தப்பில்லை.

வழக்கு முடிய ஐந்து வருடம் ஆனது. 2003 டிசம்பரில் ஐந்து பேரில் நான்கு பேர் குற்றவாளிகள், ஒருவர் விடுதலை என்று தீர்ப்பு வந்தது. தண்டனை ஒரு வருடத்தை ஒட்டியது, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. யாரும் சிறைக்குப் போகவில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தோம் என்ற அவர்களுடைய வாதத்தை முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. சொல்லிக்கொடுத்தவர்கள் கூண்டில் நிற்கவில்லை.

பொருளே இல்லாமல்

கடைசியாக ஒரு சம்பவம். 2010 அக்டோபர் 12, ஹீத்ரோ. அங்கோலாவின் லுவாண்டாவுக்குப் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். ஜிம்மி முபெங்கா, 46 வயது. டேப் இல்லை, தலையணை இல்லை, ஹெல்மெட் இல்லை. கூட இருந்தவர்கள் காவலர்கள்கூட இல்லை, ஒப்பந்தம் எடுத்த ஜி4எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள் மூன்று பேர். பின்னால் கைவிலங்கு, பெல்ட் போட்ட இருக்கை, முன்னால் குனிய வைத்த தலை. மூச்சு விட முடியவில்லை என்று அவர் கத்தியதைப் பயணிகள் கேட்டார்கள். 2013இல் மரண விசாரணை ஜூரி இது சட்டவிரோதக் கொலை என்றது. 2014இல் குற்ற வழக்கின் ஜூரி மூவரையும் விடுவித்தது. அந்த மரணத்துக்குப் பிறகு விமான இருக்கைக்கென்றே தனிப் பயிற்சி முறை வந்தது.

ஜாய் கார்ட்னருக்குப் பிறகு டேப்பைத் தடை செய்த அதே நாடுதான் இது. பதினேழு வருடம் கழித்து, தடை செய்ய ஒரு பொருளே தேவைப்படாத அளவுக்கு முறை மெருகேறியிருந்தது.

அதனால் இந்த மாதிரிச் செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அமைச்சர் ராஜினாமா செய்தாரா என்பதோடு நான் நிற்பதில்லை. அந்த அதிகாரிக்குக் கொடுத்திருந்த உத்தரவு என்ன, எண்ணிக்கை இலக்கு இருந்ததா, இடையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வர அவருக்கு அனுமதி இருந்ததா? செமிராவை அதற்கு முன்பு விமானத்திலிருந்து இறக்கிவிட்டபோது ஒரு பயணம்தான் வீணானது. அவர் உயிரோடு முகாமுக்குத் திரும்பினார்.

டொபாக் லூவன் நகர மேயராகத் தொடர்ந்து பல ஆண்டுகள் இருந்தார். ஜென்டார்மரி படையே 2001இல் கலைக்கப்பட்டு ஒரே காவல்துறையாகச் சேர்க்கப்பட்டது. சபீனா நிறுவனம் அதே ஆண்டு திவாலானது. ஸ்டீனோக்கர்ஸீலில் ஓடுபாதைக்குப் பக்கத்தில் 127 பிஸ் இன்னும் இயங்குகிறது.