பிரெய்ரி வோல்: துணைப்பற்றின் மூளைச்சுற்று

வட அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளில் வாழும் பிரெய்ரி வோல், சுண்டெலியை ஒத்த, வால் குட்டையான கொறிவிலங்கு. ஒருமுறை இணைசேர்ந்த ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில் தங்கிக் குட்டிகளைச் சேர்ந்தே வளர்க்கும். பாலூட்டி இனங்களில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே இப்படி வாழ்கின்றன. வேற்று ஆணுக்குப் பிறக்கும் குட்டிகளும் இடையிடையே உண்டு என்பதால் கற்பு நெறிக்கு இதைச் சான்று காட்ட முடியாது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர் லோவெல் கெட்ஸ் வைத்த பொறிகளில் அதே ஆணும் பெண்ணும் திரும்பத் திரும்பச் சேர்ந்து சிக்கின. ஆய்வாளர் சூ கார்ட்டர் இந்த விலங்கை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றார்.

பிரெய்ரி வோலின் நெருங்கிய உறவான மலை வோலுக்கு நிலையான துணை கிடையாது. ஆனால் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் இரண்டின் மூளையிலும் சுரக்கிறது. அதை உணரும் ஏற்பிகள் எங்கே செறிந்துள்ளன என்பதில்தான் வேறுபாடு. 1992-இல் ஆய்வாளர்கள் தாமஸ் இன்செலும் லாரன்ஸ் ஷாப்பிரோவும் இதைக் காட்டினர். பிரெய்ரி வோலில் அவை நியூக்ளியஸ் அக்யூம்பன்ஸ் பகுதியில் அடர்ந்துள்ளன. உணவும் கலவியும் தரும் இன்பத்தை டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருள் வழியாகப் பதியவைக்கும் இடம் அது. துணையின் மணமும் அந்த இன்பமும் ஒரே வேளையில் வந்து சேர, அந்த ஒரு விலங்கின்மீது மட்டும் நாட்டம் பிறக்கிறது என்பது பொதுவான விளக்கம். டி2 வகை டோபமைன் ஏற்பிகள் இப்பற்றை உருவாக்குகின்றன. பற்று உறுதிப்பட்ட ஆணில் டி1 வகை பெருகும். அதன்பின் அது அயல் பெண்ணைக் கண்டால் விரட்டிக் கடிக்கும்.

ஆண்களில் வாசோபிரெசின் என்னும் ஹார்மோனுக்கும் பெரும் பங்குண்டு. பல துணைகளை நாடும் மெடோ வோல் ஆண்களின் முன்மூளையில், வாசோபிரெசின் ஏற்பிக்கான மரபணுவை ஆய்வாளர் லாரி யங் குழுவினர் வைரஸ் மூலம் செலுத்தினர். அந்த ஆண்கள் தம் துணையை ஒட்டியே இருக்கத் தொடங்கின. இம்முடிவு 2004-இல் வெளியானது. 2017-இல் எமரி பல்கலைக்கழகத்தினர், பெண் பிரெய்ரி வோலின் மூளை முன்புறணியிலிருந்து அக்யூம்பன்ஸுக்குச் செல்லும் நரம்பிழைகளை ஒளித்துடிப்புகளால் தூண்டினர். அப்போது அருகில் இருந்த ஆணையே, இணைசேராமலே, அது பின்னர் விரும்பியது.

இதுவரை கதை நேராகவே போயிற்று. 2023-இல் கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையில் ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாத பிரெய்ரி வோல்களை உருவாக்கியபோது, அவையும் துணைதேடிப் பற்றுக் கொண்டன, குட்டிகளையும் வளர்த்தன. பிறவியிலேயே ஏற்பி இல்லாததால் வேறு பாதைகள் அந்த வேலையை ஏற்றிருக்கலாம். எப்படியாயினும், ஒரே மூலக்கூறைத் தனியே பிரித்து அதற்குக் ‘காதல் ஹார்மோன்’ என்று பட்டம் சூட்டுவது பத்திரிகைத் தலைப்புக்குப் பொருந்தலாம், மூளைக்குப் பொருந்தாது. மனிதரிடமும் இதே நிலைதான்: ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஆக்சிடோசினை மூக்கு வழியே கொடுத்துப் பார்த்த பெரிய மருத்துவச் சோதனையின் முடிவு 2021-இல் வந்தது. சமூகப் பழக்கத்தில், வெறும் போலி மருந்து பெற்றவர்களைவிட அவர்களிடம் கூடுதல் முன்னேற்றம் தென்படவில்லை.