மயிலாடிக்கு வந்த போதகர் மகன்

தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்க் கரையிறங்கியது 1706-ல். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1806 ஏப்ரலில், அதே லுத்தரன் மரபில் வளர்ந்த இன்னொரு ஜெர்மானியர் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாஞ்சில் நாட்டுக்குள் வந்தார். வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே.

இன்று போலந்தில் இருக்கும் சைலீசியாவில் 1770-ல் பிறந்தவர். தகப்பனார் லுத்தரன் போதகர். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பதற்கென்று மார்ட்டின் லுத்தர் 1529-ல் ஒரு சிறிய ஞானோபதேசப் புத்தகம் எழுதினார். அதைப் படித்து ஒப்பிக்காமல் சபையில் யாரும் பெரியவனாகிவிட முடியாது. ஜெபத்தோடு எழுத்தும் சேர்ந்தே உள்ளே போய்விடும். பிறகு ஹாலேயில் படிப்பு. பிராங்கே என்ற போதகர் அநாதைப் பிள்ளைகளுக்காக விடுதியும் பள்ளிகளும் தொடங்கிய ஊர் அது. சீகன்பால்க்கும் அங்கே படித்தவர்தான்.

இவ்வளவு இருந்தும் ரிங்கல்தௌபே இருப்புக் கொள்ளாத மனிதர். 1797-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். இரண்டே ஆண்டில் கப்பலேறித் திரும்பிவிட்டார். லண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்து 1804 கடைசியில் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் படித்தார்.

அவரை நாஞ்சில் நாட்டுக்குக் கூப்பிட்டவர் மயிலாடிக்காரர் மகாராசன். சிதம்பர யாத்திரை போன வழியில் தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கோயிலில் கோலாப் ஐயரின் பிரசங்கம் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பியவர். அந்தக் கோலாப்பும் ஒரு போதகர் மகன்தான்! தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிக்குப் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். நாஞ்சில் நாட்டுச் சீர்திருத்த சபையின் வேரைத் தோண்டினால் இப்படி இரண்டு போதகர் வீடுகள் தட்டுப்படும். ஆனாலும், சொந்த ஊரில் பகையைத் தாங்கி நின்ற வேதமாணிக்கம் இல்லாவிட்டால் இரண்டுக்கும் இங்கே வேலை இருந்திருக்காது என்பது என் கட்சி.

கோயில் கட்ட அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. திருவிதாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மெக்காலே ஆதரவாக இருந்தும் காரியம் இழுத்துக்கொண்டே போனது. இடையில் ஆங்கிலேயரை எதிர்த்து வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி. 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் கம்பெனிப் படையிடம் விழுந்தது. அந்த ஆண்டே மயிலாடியில் கோயில் எழுந்தது, பள்ளியும் தொடங்கியது. கோயிலை ஒட்டிப் பள்ளி என்பது ஹாலே வழக்கம். தலைவரியும் ஊழியவேலையும் அழுத்திய ஏழைச் சாதிகளுக்கு அந்தப் பள்ளி என்னவாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரிங்கல்தௌபே ஐயரின் சம்பளம் கைக்கு வந்ததும் ஏழைகளிடம் போய்விடும். கடைசியில் சென்னைக்குப் போனபோது அவரைப் பார்த்த ஆங்கிலப் பாதிரியார் ஒருவர் திகைத்துப் போனாராம்: உடம்பில் ஒழுங்கான கோட்டு இல்லை, தலையில் நாட்டு வைக்கோல் தொப்பி.

1816 தொடக்கத்தில், உடல்நலம் கெட்டு, சபையை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். கொழும்பு வழியாகக் கிழக்கே போனவர் எங்கே, எப்படி இறந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த மிஷனரி வரும்வரை, ஏறக்குறைய இரண்டு ஆண்டு, வெள்ளைக்காரர் துணையில்லாமல் சபையை நடத்தினார் வேதமாணிக்கம்.

ஒரு வேடிக்கை. லுத்தரன் வளர்ப்பில் வந்தவர் நட்ட சபை இன்று தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கிறது. லுத்தரன் பெயரோடு மிசோரி மிஷன் நாகர்கோவிலுக்கு வந்தது 1907-ல்தான். மயிலாடிப் பள்ளியோ, நாகர்கோவிலுக்கு இடம் மாறி, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதை இடம் மாற்றிய சார்லஸ் மீட் ஐயரும், அவருக்குத் திருவிதாங்கூர் ராணி பார்வதிபாய் செய்த உதவியும் அடுத்த வாரம்.