கார்ப் பந்தய விளையாட்டுகளில் டயர் பிடிப்பு

கார்ப் பந்தய வீடியோ விளையாட்டு எவ்வளவு நிஜம் என்று அறிய, டயர் தரையைப் பிடிப்பதையும் விடுவதையும் அது எப்படிக் கணக்கிடுகிறது என்று பார்க்க வேண்டும். ஓடும் காரின் ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ உள்ளங்கை அகலத்துக்குத்தான் சாலையைத் தொடுகிறது. வேகம் எடுப்பது, பிரேக் பிடிப்பது, திரும்புவது எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகளின் வேலை. பிரேக்குக்கு முழுப் பிடிப்பையும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது.

பிடிப்பு என்றால் என்ன என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் கையால் தொட்டே பார்க்கலாம். அங்குள்ள சிற்பப் பட்டறைகளில் மெருகேற்றிய கருங்கல்லில் தண்ணீர் பட்டால் செருப்பு வழுக்கும். உளியால் கொத்திய கல்லில் கால் நிற்கும். தேய்ந்துபோன அம்மியைக் கொத்தி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். டயரின் ரப்பர், சாலைக் கற்களின் மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி மீள்கிறது. மீளும்போது ஆற்றலை இழக்கிறது. கல்லின் பரப்போடு ஒட்டியும் இழுபடுகிறது. இவை சேர்ந்ததே பிடிப்பு. பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதி இதற்கு முழுதாகப் பொருந்தாது. டயர்மேல் எடையை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை, அதற்குக் குறைவாகவே கூடுகிறது. வளைவில் கார் ஒரு பக்கம் சாயும்போது மொத்தப் பிடிப்பு குறைவது இதனால்தான்.

1974இல் அட்டாரி வெளியிட்ட கிரான் டிராக் 10 விளையாட்டில் ஸ்டீயரிங் இருந்தது, பெடல் இருந்தது, கியர் இருந்தது. டயர் மட்டும் இல்லை. 1982இல் வந்த நாம்கோவின் போல் பொசிஷன், ஜப்பானின் ஃபுஜி பந்தயத் தடத்தைக் காட்டியது. வளைவில் காரை வெளிப்பக்கம் தள்ளியதோடு அதன் இயற்பியல் முடிந்தது. காரை ஒரு பொருளாக எண்ணிக் கணக்கிட்ட முன்னோடிகளில் ஒருவர் ஜெஃப் கிராமண்ட். 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில், ஃபார்முலா 3 காரை ஓட்டும் ரெவ்ஸ் என்ற விளையாட்டை 1984இல் எழுதினார். 1989இல் அட்டாரியின் 'ஹார்ட் டிரைவின்' என்ற விளையாட்டு ஆர்கேட் கூடங்களுக்கு வந்தபோது, ஸ்டீயரிங்கே ஓட்டுபவர் கையைத் திருப்பித் தள்ளியது. அதன் கார்க் கணக்குக்கு உதவியவர் வாகன இயக்கவியல் அறிஞர் டக் மில்லிகன்.

இதற்கிடையே 1987இல் பேக்கர், நைபோர்க், பசேக்கா ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில் இத்துறையின் அச்சாணி உருவானது. சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சில பாகை வித்தியாசம் இருக்கும். இந்தச் சறுக்குக் கோணம் கூடக் கூடப் பிடிப்பும் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை ஒரே சூத்திரத்தில் அடக்கினார்கள். அதற்கு 'மேஜிக் ஃபார்முலா' என்று பெயர் நிலைத்தது. டயர் ஏன் அப்படி நடக்கிறது என்று அது சொல்லாது. சோதனையில் அளந்த எண்களுக்குப் பொருந்தும் வளைகோடு, அவ்வளவுதான். ஆனால் கணினிக்கு அது இலகு.

சிக்கல் உச்சத்துக்கு அப்பால். சோதனை இயந்திரங்கள் பெரும்பாலும் சிறிய கோணங்களிலேயே டயரை அளக்கின்றன. அதற்கு மேல் போனால் வளைகோடு ஊகம்தான். அதனால் பல சிமுலேட்டர்களில் உச்சம் தாண்டிய கார் பனிக்கட்டிமேல் போவதுபோல் சுழன்றுவிடும். ஓட்டக் கடினமாக இருப்பதையே நிஜம் என்று எண்ணும் மயக்கம் இங்கேதான் பிறந்தது. நல்ல சாலை டயர் பிடிப்பை விட்ட பிறகும் கணிசமாக இழுத்துக்கொண்டே இருக்கும். சறுக்கும் காரை மீட்டெடுக்க முடிவது அதனால்தான். 1997இல் வந்து 1 கோடிக்கு மேல் விற்ற கிரான் டூரிஸ்மோ இந்தத் தாராளத்தைக் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தது. 1998இன் கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ், காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் இல்லாத 1967 பந்தயக் கார்களைத் தந்து ஆட்களை மிரட்டியது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையான டேவ் கேமர் பின்னர் ஐரேசிங் என்ற பந்தய சிமுலேட்டர் நிறுவனத்தை இன்னொருவருடன் இணைந்து நிறுவி, வளைகோட்டைக் கைவிட்டு ரப்பரின் வெப்பம், நெகிழ்வு ஆகியவற்றிலிருந்தே பிடிப்பைக் கணக்கிட முயன்றார்.

தடத்தின் துல்லியம் தனிக் கதை. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். கோட்மாஸ்டர்ஸின் எஃப்1 2011 விளையாட்டில் ஓட்டுநர் பட்டியலிலும் இடம்பெற்றார். அந்த விளையாட்டு 2011 செப்டம்பரில் வந்தது. அதிலிருந்த, இந்தியாவின் 5.125 கிலோமீட்டர் புத் சர்வதேசத் தடத்தில் முதல் ஃபார்முலா 1 பந்தயம் நடந்ததோ அக்டோபர் 30ஆம் தேதி. நிஜக் கார்கள் ஓடுமுன்பே வீட்டில் உட்கார்ந்து பலர் அதை ஓட்டிவிட்டார்கள். வரைபடத்தில் வளைவின் அளவு இருக்கும், தூசி இருக்காது. அந்த வாரம் புதுத் தடத்தில் பந்தயக் கோட்டைவிட்டு ஓரடி விலகினாலும் டயருக்கடியில் தூசிதான். பின்னாளில் லேசர் கருவியால் தடங்களை அளந்து, சிறு மேடுகளைக்கூட விளையாட்டுக்குள் கொண்டுவரும் வழக்கம் பரவியது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தை ரசிகர்களே அசெட்டோ கோர்சா விளையாட்டுக்காக உருவாக்கியிருக்கிறார்கள்.

உடம்பு உணர்வதைத் திரை தர முடியாது. பின்சக்கரம் நழுவத் தொடங்குவதை நிஜ ஓட்டுநரின் இடுப்பு முதலில் அறிகிறது. சிமுலேட்டரில் அந்த வேலையைக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். இதில் கைக்கு ஓர் உதவி உண்டு. முன்டயர்கள் பிடிப்பின் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங்கின் கனம் குறையத் தொடங்கும். நல்ல சிமுலேட்டர் இந்த மெல்லிய தளர்வைக் கைக்குக் கடத்துகிறது. அதைப் பிடித்துக்கொண்டவர் திருப்பத்தில் ஸ்டீயரிங்கை மேலும் ஒடிக்கமாட்டார்.

மழை கடைசியாகத்தான் வசப்பட்டது. நீண்ட காலம் மழை என்றால் பிடிப்பை ஒரே எண்ணால் குறைப்பது என்றே இருந்தது. இரண்டு பருவமழையும் காணும் குமரிச் சாலையில் பைக் ஓட்டுபவர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். வெயிலுக்குப் பின் விழும் முதல் தூறலில் எண்ணெயும் புழுதியும் குழைந்து சாலை வழுக்கும். நன்றாகக் கொட்டிக் கழுவிய பிறகு பிடிப்பு ஓரளவு திரும்பும். 2024 மார்ச்சில் ஐரேசிங் மழையை அறிமுகப்படுத்தியபோது, தண்ணீர் தடத்தின் சரிவில் ஓடிப் பள்ளத்தில் தேங்கியது. கார்கள் ஓட ஓட அவற்றின் டயர் தடத்தில் மட்டும் ஈரம் குறைந்து உலர்ந்த கோடு விழுந்தது.