‘சட்டப்படி’ என்ற ஒரு சொல்: சின்ஹா பிரபு பட்டத்தின் கதை

பிரிட்டனில் பரம்பரைப் பிரபு பட்டத்தை வழங்குபவர் மன்னர். ஆனால் வழங்கிய பின் அது யாரைச் சென்றடையும் என்பது அவர் விருப்பத்தைப் பொறுத்ததன்று. பட்டத்தை வழங்கிய சாசனத்தின் சொற்களே அதைத் தீர்மானிக்கும். சென்ற நூற்றாண்டில் அத்தகைய ஒரு சொல், வங்காளத்துக் குடும்பம் ஒன்றைப் பதினோரு ஆண்டுகள் பிரபுக்கள் சபையின் வாசலிலேயே காத்திருக்க வைத்தது.

சத்யேந்திர பிரசன்ன சின்ஹா 1863இல் பீர்பூம் மாவட்டத்து ராய்ப்பூரில் பிறந்தவர். 1880இல் ஹிந்து முறைப்படி திருமணம் செய்துகொண்டார். மறு ஆண்டு லண்டன் சென்று சட்டம் பயின்று, 1886இல் பாரிஸ்டரானார். கல்கத்தாவில் வழக்கறிஞராகப் பெரும் புகழ் ஈட்டினார். 1909இல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1915இல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் தலைவரும் அவரே. 1919இல் பிரிட்டிஷ் அரசு அவரை இந்தியாவுக்கான துணை அமைச்சராக்கியது. அவர் அமர்வதற்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம் வேண்டும். அவருடைய ஆயுளோடு முடிந்துபோகும் பிரபு பட்டம், உச்சநிலை நீதிபதிகள் சிலருக்கன்றிப் பிறருக்கு அன்று கிடையாது. அம்முறை பொதுவாக நடைமுறைக்கு வந்தது 1958இல்தான். ஆகவே ‘ராய்ப்பூரின் பாரன் சின்ஹா’ என்னும் பரம்பரைப் பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டின் இந்திய அரசுச் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் நிறைவேற்றிக் கொடுத்தவர் அவரே.

அன்றைய தேவை ஒரு மனிதருக்கு ஓர் ஆசனம். கொடுக்கப்பட்டதோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும் உரிமை. இந்த வேறுபாட்டின் விளைவை அன்று எவரேனும் எண்ணிப் பார்த்தார்களா என்பது ஐயமே.

இத்தகைய சாசனங்கள் பட்டத்தை, முதலில் பெற்றவரின் ‘சட்டப்படி பிறந்த ஆண் சந்ததி’க்கு விட்டுச் செல்லும். மூத்த மகன், அவருக்குப் பின் அவருடைய மூத்த மகன் என்று அது இறங்கும். சாசனத்தில் தனி ஏற்பாடு இல்லாவிட்டால் பெண்களுக்கு உரிமையில்லை. தத்துப் பிள்ளைக்கும் இல்லை. திருமணத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குப் பெற்றோரின் பின்னாளைய திருமணத்தால் தகுதி கிடைக்கும் என்று 1926இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. அச்சட்டமும் பட்டங்களுக்குப் பொருந்தாது என்று விலக்கு எழுதி வைத்தார்கள். வங்காளத்தின் தாயபாக முறையோ வேறு. அங்கே தந்தை இறந்தால் சொத்து மகன்கள் அனைவருக்கும் சமமாகப் பிரியும். தத்துப் பிள்ளையும் பிள்ளையே. இவ்விரு உலகங்களின் நடுவே நின்றது சின்ஹாவின் குடும்பம்.

1928 மார்ச்சில் சின்ஹா காலமானார். மூத்த மகன் அருண் குமார் சின்ஹா இரண்டாம் பாரனாகத் தம்மை ஏற்குமாறு கோரினார். சபைக்கு அழைக்கும் ஆணை வரவில்லை. தடைகள் இரண்டு. ஒன்று, 1887இல் இந்தியாவில் பிறந்த அவருக்கு ஆங்கிலேயர் எதிர்பார்த்த பிறப்புச் சான்று இல்லை. அது சாட்சியங்களால் தீரக்கூடியது. மற்றொன்று ஆழமானது: ஹிந்துத் திருமணத்தில் பிறந்தவர் ஆங்கிலச் சட்டத்தின் கண்ணில் ‘சட்டப்படி’ பிறந்தவரா?

இக்கேள்விக்கு ஒரு முன்கதை உண்டு. 1866இல் லண்டன் நீதிமன்றத்தில் ஹைட் எதிர் ஹைட் என்றொரு வழக்கு நடந்தது. மார்மன் சமயத்தில் சேர்ந்து யூட்டாவில் திருமணம் செய்துகொண்ட ஆங்கிலேயர் ஒருவர், பின்னர் அச்சமயத்தை விட்டு விலகியவர், மணவிலக்குக் கேட்டார். அவருக்கு இருந்தது ஒரே மனைவி. ஆயினும் பலதார மணத்தை அனுமதிக்கும் முறையில் நடந்த திருமணம், ஆங்கில நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோருவதற்குரிய திருமணமே அன்று என்று நீதிபதி பென்சன்ஸ் பிரபு மறுத்துவிட்டார். சொத்து, வாரிசுரிமை போன்றவற்றைத் தாம் தீர்மானிக்கவில்லை என்று அவர் ஒதுக்கி வைத்திருந்தார். என்றாலும் அந்த நிழல் நீண்ட காலம் விழுந்து கிடந்தது. 1880இல் ஹிந்து ஆண் ஒருவர் இரண்டாம் திருமணம் செய்துகொள்ளத் தடையில்லை. சின்ஹா செய்துகொள்ளவில்லை, ஆனால் செய்துகொண்டிருக்கலாம் என்பதே சிக்கலாயிற்று.

இதில் ஒரு முரண் உண்டு. அதே லண்டனில் பிரிவி கவுன்சில் பல பத்தாண்டுகளாக ஹிந்துத் திருமணங்களையும் தத்துகளையும் ஏற்று ஜமீன்களின் வாரிசுகளைத் தீர்மானித்து வந்தது. நம் இராமநாதபுரம் வழக்கை இங்கே நினைவுகூரலாம். கணவரின் அனுமதி இல்லாவிடினும், அவர் வழி உறவினரின் இசைவோடு கைம்பெண் எடுத்த தத்து செல்லும் என்று 1868இல் தீர்ப்பளித்தது அந்த மன்றமே. சேது நாட்டின் ஜமீனுக்கு ஹிந்து வாரிசை அடையாளம் காண்பதில் அதற்குத் தயக்கம் இருக்கவில்லை. 1926இல் அதன் நீதிக் குழுவில் சின்ஹாவே இடம் பெற்றார். ஹிந்துக்களின் வாரிசுரிமை பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதி பெற்றிருந்தவரின் சொந்த மகனுடைய வாரிசுரிமையே அடுத்த சில ஆண்டுகளில் ஐயத்துக்குள்ளாயிற்று. ஹிந்து வழக்கம் இந்தியாவுக்குள் இருக்கும்வரை அதற்கு மதிப்பு இருந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆசனம் ஒன்றைக் கேட்டபோதுதான் அது விசாரணைக்குரியதாயிற்று.

1939இல் பிரபுக்கள் சபையின் உரிமைக் குழு கோரிக்கையை ஏற்றது. லார்டு சான்சலர் மாம் பிரபு காட்டிய காரணம் இதுதான். மூத்த மகன் பிறப்பதற்கு முன்பே சின்ஹா தம்பதியர் சாதாரண பிரம்ம சமாஜத்தில் சேர்ந்துவிட்டனர். அச்சமாஜம் ஒருதார மணத்தை மட்டுமே ஏற்பது. எனவே தொடக்கத்தில் எப்படி இருந்தாலும், மகன் பிறந்தபோது அது ஒருதார மணமே. அந்தச் சமாஜம் தோன்றியதே ஒரு திருமணத் தகராறினால்தான். பெண்ணுக்கு மணவயதை வரையறுத்த 1872ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக வாதாடிய கேசவ சந்திர சேன், அவ்வயது நிரம்பாத தம் மகளைக் கூச் பிஹார் மன்னருக்கு மணமுடித்தார். வெகுண்டு பிரிந்தவர்கள் 1878இல் அதை நிறுவினார்கள். திருமணத்தை நெறிப்படுத்த எழுந்த ஓர் இயக்கம், அறுபது ஆண்டுகள் கழித்து அதன் உறுப்பினர் ஒருவரின் மகனுக்குச் சபைக் கதவைத் திறந்து கொடுத்தது.

தீர்ப்பை மகிழ்ச்சியோடு படித்துச் செல்கையில் ஓரிடத்தில் மனம் தடுக்குகிறது. பெற்றோர் பிரம்ம சமாஜத்தில் சேராமல் சாதாரண ஹிந்துக்களாகவே வாழ்ந்திருந்தால்? இந்தியாவில் நிலைகொண்டவர்களின் ஹிந்துத் திருமணத்தை ஆங்கில நீதிமன்றங்கள் ஏற்கும் என்பதில் இனி ஐயமில்லை என்று மாம் சொன்னார். ஆனால் மனைவியர் பலர் இருந்து, இளையாளின் மகன் முதலில் பிறந்துவிட்டால் பட்டம் யாருக்கு என்பதைப் போன்ற இடர்ப்பாடுகளையும் சுட்டிக்காட்டினார். அவற்றைத் தீர்க்கும் அவசியம் அவருக்கு நேரவில்லை. அருண் குமார் வென்றார். ஒரு சமூகத்தின் திருமணம் முழுமையாக வென்றது என்று சொல்ல முடியாது.

எனினும் அத்தீர்ப்பின் பயன் ஓர் ஆசனத்தோடு நின்றுவிடவில்லை. 1946இல் லண்டனில் இன்னொரு வழக்கு வந்தது. இந்தியாவில் ஹிந்து முறைப்படி மணமுடித்த ஒருவர், முதல் மனைவி உயிரோடிருக்க, இங்கிலாந்தில் ஓர் ஆங்கிலப் பெண்ணை மணந்திருந்தார். முதல் திருமணம் செல்லும், ஆகவே இரண்டாவது செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. அதற்கு ஆதாரமாக எடுத்தாளப்பட்டவற்றுள் சின்ஹா தீர்ப்பும் ஒன்று. பிரபு பட்டத்துக்காக எழுந்த வாதம், ஏமாற்றப்பட்ட பெண்ணுக்கு விடுதலையையும் கடலுக்கு அப்பாலிருந்த மனைவிக்கு அங்கீகாரத்தையும் பெற்றுத் தந்தது.

1999இல் வந்த சட்டம், பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்றவர்களின் ஆசன உரிமையைப் பறித்தது. மிஞ்சிய அந்த இடங்களையும் நீக்கும் மசோதா 2024இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. பதினோரு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற ஆசனத்தின் மதிப்பு அவ்வளவுதான். நிலைத்து நிற்பது அந்த வழக்கு எழுப்பிய கேள்வி: ஒரு தாயும் தந்தையும் மனமொப்பி வாழ்ந்த வாழ்க்கைக்கு ‘சட்டப்படி’ என்ற முத்திரையை இடும் உரிமை யாருடையது? சின்ஹாவுக்குப் பட்டம் கொடுத்த சாம்ராஜ்யம், தன் மேசைக்கு அழைத்த விருந்தாளியிடம் பந்தி முடிந்த பிறகு குலம் கோத்திரம் விசாரித்தது.