காகிதத்தை நம்பிய ஆல்பம்

டிஜிட்டல் படம் வருவதைக் கவனிக்காமல் கோடக் வீழ்ந்தது என்பது வணிகப் பாடங்களில் மாறாமல் வரும் கதை. 'ஓஃபோட்டோ' என்ற இணையப் படச் சேவையின் வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. கலிஃபோர்னியாவில் 1999இல் தொடங்கிய இந்தச் சேவையைக் கோடக் 2001லேயே வாங்கிவிட்டது. ஃபேஸ்புக்கும் ஃபிளிக்கரும் அப்போது பிறக்கவே இல்லை. படங்களை ஏற்றி ஆல்பமாக அடுக்கலாம், உறவினர்களுக்குக் காட்டலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. பிரிண்ட் கேட்டால்தான் காசு. ஆக, புதியதைக் கோடக் பார்க்கத்தான் செய்தது. ஆனால் பழைய தொழிலுக்கு ஆர்டர் பிடிக்கும் கவுண்டராகப் பார்த்தது.

அந்தப் பார்வையின் வேர் 1888இல் இருக்கிறது. கோடக்கின் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அவ்வாண்டு விற்ற கேமராவின் விலை 25 டாலர். உள்ளேயே 100 படங்களுக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவை ராசெஸ்டரிலுள்ள நிறுவனத்துக்கு அனுப்பி 10 டாலர் கொடுத்தால், பிரிண்டுகளும் புதுச் சுருள் போட்ட கேமராவும் திரும்பி வரும். கேமரா ஒருமுறை விற்கும். சுருளும் பிரிண்டும் மறுபடி மறுபடி விற்கும். 2005இல் ஓஃபோட்டோவின் பெயர் 'கோடக் ஈஸிஷேர் கேலரி' என்று மாறியபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை. திரையில் பார்த்தே திருப்தி அடைகிறவர்கள் இந்தக் கணக்கில் வெறும் செலவு. 2009இல் வந்த விதி அதை வெளிப்படையாக்கியது: 2 ஜிபி வரை படம் வைத்திருப்பவர் ஆண்டுக்கு 4.99 டாலருக்கும், அதற்கு மேல் வைத்திருப்பவர் 19.99 டாலருக்கும் ஏதாவது வாங்க வேண்டும். இல்லையேல் படங்கள் நீக்கப்படும். பாதுகாத்து வைப்பதற்கென்று ஒரு கூலி கேட்டிருக்கலாம். அதை விட்டு, பொருள் வாங்கச் சொன்னது. படத்தைக் காப்பதும் பகிர்வதும் தனியே விலை பெறக்கூடிய சேவை என்று நிறுவனம் எண்ணவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தாய் நிறுவனம் திவாலானதால்தானே சேவையும் மூடப்பட்டது என்று கேட்கலாம். கோடக் திவால் பாதுகாப்பு கோரியது 2012 ஜனவரியில். மேற்படி விதியோ அதற்குக் கிட்டத்தட்ட மூன்றாண்டு முந்தையது. என் வாதத்துக்கு இன்னும் வலுவான மறுப்பு ஷட்டர்ஃபிளை என்ற போட்டிச் சேவை. அதுவும் 1999இல் பிறந்து, பிரிண்ட் விற்றே பிழைத்தது. கோடக் கேலரியை 2012இல் 2.38 கோடி டாலருக்கு வாங்கியதும் அதுவே. அப்படியானால் காகிதத்தைக் குறை சொல்வது எப்படி? ஷட்டர்ஃபிளை வாழ்த்து அட்டை, படப் புத்தகம் என்று விசேஷ நாட்களுக்கான அச்சகமாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டது. வாங்காதவரின் படத்தையும் அழிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தது. அந்த அளவுக்குள் காகிதம் சோறு போடும். எடுத்த படமெல்லாம் பிரிண்டாகும் காலத்தில் வளர்ந்த கோடக்குக்கு அது போதாது. 2012 ஏப்ரலில், பிரிண்டே போடாத இன்ஸ்டகிராமை ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. அந்தத் தொகை மிகை என்று வாதிடலாம். ஆனால் பகிர்தலுக்கே விலை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஜூலை 2இல் கேலரி மூடப்பட்டது. பகிர்தல் என்ற அந்தச் சரக்கு பதினோரு ஆண்டுகளாகக் கோடக்கின் கையிலேயே இருந்தது. கோடக்கோ அதைப் பிரிண்ட் விற்பதற்கான செலவாகவே பார்த்து வந்தது.