பயணம், நோய், பணம்: மெர்போக் வட்டாரத் தோட்டத் தமிழர் வாழ்வில் மூன்று இடர்கள்

முன்னுரை

கெடா மாநிலத்தில் ஜெராய் மலையடிவாரத்தில் அமைந்துள்ள மெர்போக், தமிழ் வரலாற்று மாணவர்க்கு நன்கு அறிமுகமான ஊராகும். 1936-37ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் இங்கு மேற்கொண்ட அகழாய்வுகளும், பின்னர்ச் சீரமைக்கப்பட்ட புக்கிட் பத்து பகாட் கோயிலும், 1980இல் திறக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் இவ்வூரைக் கடாரத்தின் பெயரோடு பிணைத்துள்ளன. சோழர் கடற்படை 1025இல் கடாரத்தைத் தாக்கியது. அதற்கு முன்னரே கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். இச்செய்திகளை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

எனினும், அதே நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி அதே மெர்போக் வட்டாரத்திற்கு வந்து சேர்ந்த மற்றொரு கூட்டத்தாரைப் பற்றி நாம் குறைவாகவே எழுதியுள்ளோம். அவர்கள் ஹார்வார்ட், தூப்பா, சுங்கை பத்து முதலிய தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தொழிலாளர்கள் ஆவர். அவர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆட்சேர்ப்பு, கூலி, வேலைநிறுத்தம் ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. அயல்நாட்டில் வாழும் எவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் எளிய வினாக்கள் மூன்று உண்டு. நோயுற்றால் யார் பார்ப்பார்? ஈட்டிய காசை எங்கே வைப்பது, எவ்வாறு ஊருக்கு அனுப்புவது? ஊருக்கு எவ்வாறு போய்வருவது? இவ்வினாக்களுக்குத் தோட்டத் தமிழர் கண்ட விடைகளை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

நம் கருத்து இதுவாகும்: தொடக்கக் காலத்தில் இம்மூன்று இடர்களுக்கும் விடை ஒரே கையில் இருந்தது. அழைத்து வந்தவனே கடன் கொடுத்தான். அவனே வேலைக்கு நிறுத்தினான். நோயுற்றவனை மருத்துவமனைக்கு அனுப்புவதிலும் அவன் சொல்லே முந்தியது. அந்தப் பிணைப்பை ஒவ்வோர் இழையாகப் பிரித்தெடுத்த முயற்சியே தோட்டத் தமிழரின் சமூக வரலாறு எனலாம்.

பயணம்

தொழிலாளி தன் ஊரிலிருந்து தனியே புறப்பட்டவன் அல்லன். தோட்டத் துரையின் ஒப்புதலுடன் உரிமச் சீட்டுப் பெற்ற கங்காணி, தன் சொந்த ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் சென்று, உறவினரையும் அறிந்தவரையும் திரட்டி வந்தான். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் தங்க வைக்கப்பட்டனர். மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, அம்மை குத்தப்பட்டனர். பின்னர்க் கப்பலின் மேல்தளத்தில் ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். பினாங்கை அடைந்ததும் கரையேறிவிட இயலாது. ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கிய பின்னரே பெருநிலம் காணலாயிற்று. ஆக, புலம்பெயர்ந்தோனின் முதல் அனுபவமே பயணமும் உடல்நலமும் ஒன்றோடொன்று பின்னிய அனுபவமாக அமைந்தது.

பிறையிலிருந்து கெடாவை ஊடுருவிச் செல்லும் இருப்புப்பாதை 1915இல் அலோர் ஸ்டாரை எட்டியது. அதன்பின் சுங்கைப் பட்டாணியும் பெடோங்கும் பினாங்குத் துறைமுகத்தோடு எளிதில் தொடர்பு கொண்டன. இருப்புப்பாதையைவிடவும் முதன்மையான மாற்றம் பயணச் செலவை யார் ஏற்பது என்பதில் நிகழ்ந்தது. 1907இல் நிறுவப்பட்ட தமிழர் குடிவரவு நிதி, பின்னர் இந்தியர் குடிவரவு நிதி எனப் பெயர் பெற்றது. தென்னிந்தியத் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிமார் அனைவரிடமிருந்தும் வேலைநாள் கணக்கின்படி தொகை திரட்டி, வருவோரின் கப்பற்கட்டணத்தை இந்நிதி செலுத்தியது. இதனால், பயணச் செலவு தொழிலாளியின் தலையில் கடனாக ஏறுவது சட்டப்படி நின்றது. ஒப்பந்தக் கூலிமுறையும் 1910ஆம் ஆண்டளவில் முடிவுக்கு வந்தது.

ஆயினும், சட்டத்தில் நீங்கிய கடன் வழக்கத்தில் நீங்கவில்லை. புறப்படுமுன் வீட்டுக்குக் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, துணிமணி என்று கங்காணியின் கணக்கேட்டில் ஏதேனும் ஒன்று எழுதப்பட்டே இருந்தது. அவ்வேட்டைத் தொழிலாளி படித்தறிய இயலாது. திரும்பிச் செல்வதற்கும் கங்காணியின் ஆதரவு தேவைப்பட்டது.

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் இரப்பர் விலை சரிந்தபோது, ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர் மலாயாவிலிருந்து தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். போவதும் வருவதும் தொழிலாளியின் விருப்பத்தைவிட இரப்பரின் விலையையே பின்பற்றின என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1936இல் மலாயாவுக்கு வந்து நிலைமையைக் கண்டறிந்த சீனிவாச சாஸ்திரியார், கங்காணிவழி ஆட்சேர்ப்பை நிறுத்துமாறு பரிந்துரைத்தார். 1938இல் இந்திய அரசு உதவிபெறும் தொழிலாளர் குடிபெயர்வையே தடை செய்தது.

போருக்குப் பின் பயண இடர் புதிய வடிவம் பெற்றது. ராஜுலா முதலிய கப்பல்கள் மீண்டும் ஓடின. ஆனால், கட்டணத்தைவிட ஆவணம் பெரிதாயிற்று. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், போனவர் திரும்பி வருவதைக் கடினமாக்கியது. குடியுரிமை பெறாது சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தோர்க்கு 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பணி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அதன் விளைவாகப் பல்லாயிரவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985இல் தீக்கிரையானதோடு இக்கடற்பயண மரபு முற்றுப்பெற்றது.

உடல்நலம்

மெர்போக்கின் நிலவமைப்பு நோய்க்கு இடந்தருவது. ஒருபுறம் உப்பங்கழியும் கண்டற்காடும். மறுபுறம் ஜெராய் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள். மலேரியாக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவினங்களுள் ஒன்று உவர்நீரில் பெருகும். மற்றொன்று வெயில்படும் தெளிந்த மலையோடையில் பெருகும். காடு இருந்தவரை நிழலில் கிடந்த ஓடைகள், இரப்பர் நடுவதற்காகக் காடு அழிக்கப்பட்டபோது வெயிலுக்குத் திறந்தன. எனவே, சில மலைச்சாரல் தோட்டங்களில் காடு அழித்த பின்னரே காய்ச்சல் மிகுந்தது. கிள்ளானில் 1901 முதல் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்துக்குப் பொருந்திய வடிகால்முறை மலைநிலத்துக்குப் பொருந்தாது என்பதை உணர்ந்து, நிலத்தடி வடிகாலையும் எண்ணெய் தெளித்தலையும் பரவச் செய்தார்.

தோட்டத்தில் இதன் அன்றாட வடிவம் டிரசரும் கொயினாவும் ஆகும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போதே காய்ச்சற்காரர் பிரித்து நிறுத்தப்பட்டனர். இங்குதான் நோயும் பணமும் சந்தித்தன. கூலி நாட்கூலி; பெரட்டில் பெயர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. கங்காணிக்குக் கிடைத்த தலைக்காசும் வேலைக்குச் சென்ற ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே, காய்ச்சலை மறைத்து வேலைக்குச் செல்வது தொழிலாளிக்கும், அவனைச் செல்லுமாறு தூண்டுவது கங்காணிக்கும் ஆதாயமாக இருந்தது. தோட்ட மருத்துவமனையை மக்கள் அஞ்சினர் என்று அக்கால அதிகாரிகள் குறைகூறினர். அவ்வச்சத்தை அறியாமை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. படுக்கையில் கழிந்த ஒவ்வொரு நாளும் கடைக்கடனாக மாறியது என்பதையும் நாம் கருத வேண்டும்.

மக்கள் தமக்கென ஏற்படுத்திக்கொண்ட வழிகளும் இருந்தன. லயத்திலிருந்த மருத்துவச்சி பேறுகாலம் பார்த்தாள். வீட்டில் கைம்மருந்து இருந்தது. அம்மை கண்டபோது மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டனர். கோயில் வழிபாட்டுக்குரிய இடமாக மட்டும் இருக்கவில்லை; நோயுற்ற குடும்பத்துக்கு அரிசியும் காசும் திரட்டும் இடமாகவும் அது விளங்கியது.

சப்பானியர் ஆட்சிக் காலம் இவ்விரு ஏற்பாடுகளையும் குலைத்தது. கொயினா கிட்டாதாயிற்று, தோட்டங்கள் இயங்கவில்லை. 1942-43இல் தோட்டத் தமிழர் பலர் சயாம்-பர்மா இருப்புப்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவாலும் பட்டினியாலும் மாண்டோர் எண்ணிலர். போருக்குப் பின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டமும் நோய்க்காலத்தை வருமானமற்ற காலமாக இராதபடி ஓரளவு காத்தன. மருத்துவம் படிப்படியாகத் தோட்டத்தின் கையிலிருந்து அரசு மருந்தகங்களின் பொறுப்புக்கு மாறியது.

பணம்

சம்பள நாளில் செக்ரோலில் உள்ள தொகை முழுவதும் கைக்கு வருவதில்லை. அரிசிப் பற்றும் முன்பணமும் கழிந்த பின் எஞ்சியதே வந்தது. அவ்வெச்சம் ஊருக்குப் போக வேண்டும். ஆனால், தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் சிலரே. அஞ்சலகப் பணவிடைத் தாளை நிரப்பக் கிராணியின் உதவி தேவைப்பட்டது. வணிகர்க்கும் நகரத்தார் வட்டிக்கடைகளை அறிந்தோர்க்கும் உண்டியல்வழி அனுப்பும் வாய்ப்பு இருந்தது. ஊர் செல்லும் உறவினர் மடியில் கட்டி அனுப்புவதும் உண்டு. தங்கத்தில் சேமித்துத் தேவையெனில் அடகுக்கடையில் வைப்பதும், பெண்கள் தமக்குள் கூட்டுக் கட்டுவதும் வங்கி எட்டாத இடத்தின் வங்கிமுறைகளாகும். மலாய் வழக்கில் 'குத்து' எனப்படும் இக்கூட்டு முறையைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது என்பது, அது எத்துணைப் பரவியிருந்தது என்பதையும் காட்டும்.

கூலியை உறிஞ்சிய மற்றோர் இடம் கள்ளுக்கடை. தோட்டத்துக்குள்ளேயே அது இருந்ததால், கொடுத்த கூலியில் ஒரு பகுதி அன்று மாலையே தோட்ட எல்லைக்குள் செலவாகிவிட்டது. இதனை எதிர்த்து எழுந்த பேரியக்கம் மெர்போக்கிற்கு அண்மையிலேயே தோன்றியமை குறிப்பிடத்தக்கது. பெடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் உருவான தொண்டர் படை, கள்ளுக்கடை மறியலைக் கெடாவின் பல தோட்டங்களுக்குப் பரப்பியது. 1947இன் தொடக்கத்தில் பெடோங்கில் காவல்துறையினரோடு மோதல் நிகழ்ந்தது, பலர் சிறைப்பட்டனர். வரலாற்று நூல்கள் இதனை அரசியல் எழுச்சியாக எழுதும். அவ்வாறு எழுதுவது சரியே. அதே வேளையில், சம்பளக் காசு வீட்டை அடைய வேண்டும் என்ற இல்லற வேட்கையும் அதன் அடியில் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

விடுதலைக்கு முன்பின்னான ஆண்டுகளில் நிறுவனங்கள் உருவாயின. ஊழியர் சேமநிதி 1951இலும், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இலும் தோன்றின. ஆங்கிலேயர் தம் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் பங்குத்தொகை திரட்டி, அவர்கள் வேலை செய்த நிலத்தை அவர்களே வாங்கும் முயற்சி அது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அது தொடக்கக் காலத்தில் வாங்கிய தோட்டங்களுள் ஒன்றாகும். மடியில் கட்டி ஊருக்கு அனுப்பப்பட்ட காசு இங்கேயே நிலமாக மாறிய அந்நேரத்தை, தோட்டத் தமிழர் தம்மைக் குடிமக்களாக உணர்ந்த நேரம் எனக் கொள்ளலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து ஒன்று புலனாகின்றது. கங்காணியின் கையில் ஒன்றாகக் கிடந்த மூன்று இழைகளும் தனித்தனி நிறுவனங்களுக்குப் பிரிந்து சென்றன. ஆனால், வீடு மட்டும் பிரியவில்லை. லயவீடு வேலையோடு பிணைந்தே இருந்தது. அதனோடு பள்ளியும் கோயிலும் பிணைந்திருந்தன. இரப்பர் வீழ்ந்து செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் வீடமைப்புக்காக விற்கப்பட்டபோதும், வேலையை இழந்தவர் அதே நாளில் வீட்டையும் அண்டை அயலையும் இழந்தார். முந்தைய தலைமுறையின் பயணத்துக்காக ஏற்பட்ட குடிவரவு நிதி, 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, 1999இல் கலைக்கப்பட்டது. இடம்பெயர்வோர்க்குப் பொதுநிதி ஒன்று மிகவும் தேவைப்பட்ட காலத்தில் அது இல்லாது போயிற்று.

இன்று தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் உழைக்கின்றனர். முகவரிடம் பட்ட கடன், வேலையளிப்போர் கையில் சிக்கும் கடப்பிதழ், நோய்நாளில் இழக்கும் கூலி என அவர்தம் இடர்களும் அதே மூன்றாகும். 2019 முதல் அயலகத் தொழிலாளரும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்புக்குள் கொண்டுவரப்பட்டது வரவேற்கத்தக்கது. நம் பாட்டன்மார் கண்ட இடர்களை நினைவில் வைத்திருக்கும் சமுதாயம் இவர்களை வேற்றுக்கண்ணால் நோக்குதல் தகாது.

இறுதியாக, ஆய்வாளர்க்கு ஒரு வேண்டுகோள். 2013இல் சுங்கை பத்துப் பகுதியில் பழங்கோயில் ஒன்றின் அடித்தளம் இடிக்கப்பட்டபோது நாடெங்கும் குரல் எழுந்தது, எழ வேண்டியதே. ஆனால், பணவிடைப் பற்றுச்சீட்டு, சேமநிதிப் புத்தகம், கூட்டுறவுப் பங்குச் சான்றிதழ், டிரசர் எழுதித் தந்த துண்டுச்சீட்டு ஆகியவை சுங்கைப் பட்டாணி, பெடோங், மெர்போக் வீடுகளின் தகரப்பெட்டிகளில் கரையானுக்கு இரையாகும்போது எவரும் கேட்பதில்லை. கடாரத்தின் கற்கள் பன்னூறு ஆண்டு நின்றன. இத்தாள்கள் அவ்வாறு நில்லா. அவற்றை வைத்திருக்கும் முதியோர் உள்ளபோதே, பொருள் கேட்டறிந்து படியெடுத்துப் பாதுகாத்தல் நம் துறையினரும் நம் மாணவரும் உடனே மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.