எண்ணப்படாதோரை எண்ணிய வரலாறு

ஒரு நாட்டில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதைக் குடிசன மதிப்பீடு கூறும். ஒரு நோய்க்காக எத்தனை பேர் வைத்தியசாலைக்கு வந்தனர் என்பதைப் பதிவேடு கூறும். ஆனால், தம் உடலில் நோய்க்கிருமி புகுந்திருப்பதைத் தாமே அறியாதிருப்போர் எத்தனை பேர் என்பதை எவ்வாறு அறிவது? அவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எந்த வைத்தியரையும் நாடியதில்லை. எச்.ஐ.வி. கிருமி தொற்றியபின், சிகிச்சை இல்லாதவிடத்து, அது எயிட்ஸ் நோயாக வெளிப்படச் சராசரியாகப் பத்தாண்டுகள் வரை செல்லும். அந்த நீண்ட இடைக்காலத்தில் தொற்றுக்குள்ளானவர் நலமுடையவர் போலவே வாழ்வார்; தாம் அறியாமலே பிறருக்கும் தொற்றைக் கடத்தக்கூடும்.

இம்மறைந்த தொகையை அளவிட மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறு தமிழகத்தோடும், அகதிகளாக இந்நாட்டின் வாயிலில் நின்றோரின் அனுபவத்தோடும் தொடர்புடையது. ஆதலின் நம் குடும்பங்கள் அதனை அறிந்திருத்தல் நன்று.

சென்னையில் ஒரு தேடல்

1981 ஜூன் 5ஆம் திகதி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் வாராந்த அறிக்கை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களைப் பீடித்த ஓர் அரிய நோயைப் பற்றிக் கூறிற்று. எயிட்ஸ் பற்றி உலகுக்குக் கிடைத்த முதற் செய்தி அதுவே. 1985இல் கிருமியைக் கண்டறியும் குருதிப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. அவ்வேளையில் இந்தியாவிற் பலர், இது மேலைநாட்டாரின் ஒழுக்கக்கேட்டால் விளைந்த நோய், நம்மை அணுகாது என்று நம்பியிருந்தனர்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சொலமன் அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். அப்பணியை அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ஏற்றார். பாலியல் தொழிலின் பொருட்டுப் பொலிஸாராற் பிடிக்கப்பட்டு அரச இல்லத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த பெண்கள் முதலானோரிடமிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட குருதி மாதிரிகளை அவர் திரட்டினார். கையுறைகூட இல்லாத நிலையில் இப்பணி நடந்தது. பிரித்தெடுத்த குருதித் திரவத்தை அவர் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே பேணி வைத்தார். 1986இன் தொடக்கத்தில் மாதிரிகள் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் செல்லப்பட்டுச் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் தொற்றைக் காட்டின. அமெரிக்காவில் நடந்த மறுபரிசோதனையும் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டு மே மாதத்தில் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே தமிழகச் சட்டசபையில் செய்தியை அறிவித்தார்.

இங்கு நாம் கருத்தில் இருத்த வேண்டியன இரண்டு. தேடாதவிடத்து நோய் இல்லை என்று கூறுவது அறிவாகாது என்பது ஒன்று. மற்றையது மனத்தை உறுத்துவது: ஒரு தேசத்துக்கே எச்சரிக்கை வழங்கிய அக்குருதிக்கு உரிய பெண்கள், அது எதற்காக எடுக்கப்பட்டது என்பதை அறிந்திருக்கவில்லை.

பானைச் சோறும் பதமும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். மாதிரிக் கணிப்பின் அடிப்படையும் அதுவே. ஆயினும் அந்த ஒரு சோற்றைப் பானையின் எப்பகுதியிலிருந்து எடுத்தோம் என்பதைப் பொறுத்தே முடிவு அமையும்.

இந்திய அரசு தெரிந்தெடுத்த மருத்துவமனைகளைக் காவல் நிலையங்கள் போல் அமைத்து, அங்கு வரும் கர்ப்பிணிகளினதும் பாலியல் நோயாளர்களினதும் குருதியைப் பெயர் நீக்கிச் சோதித்தது. அம்முடிவுகளைப் பெருக்கி நாட்டின் மொத்தத் தொகை கணிக்கப்பட்டது. 2006இல் வெளியான ஐக்கிய நாடுகளின் அறிக்கை, இந்தியாவில் 57 இலட்சம் பேர் தொற்றுடன் வாழ்கின்றனர் என்றது. தென்னாபிரிக்காவின் 55 இலட்சத்தையும் விஞ்சி இந்தியா உலகின் முதலிடத்தைப் பெற்றது.

அடுத்த ஆண்டு, 2007 ஜூலையில், அத்தொகை ஏறத்தாழ 25 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குணமடைந்துவிடவில்லை. கணக்கே திருத்தப்பட்டது. அரச மருத்துவமனைகளை நாடுவோரில் வறியோரே மிகுதி. அன்றியும், தொற்று இருக்கலாம் என ஐயுறப்பட்டோர் பெரிய அரச மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுவதும் உண்டு. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் மக்களிடையே நேரடியாக நடத்தப்பட்ட ஆய்வு, இக்காரணங்களால் பழைய கணிப்பு மிகையாகியிருந்ததைக் காட்டியது. 2005-06இல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வு வீடு வீடாகச் சென்று, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் குருதியை அவர்களின் சம்மதத்துடன் பெற்றது. 15 முதல் 49 வயது வரையானோரில் 0.28 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. ஆண்களில் அது 0.36, பெண்களில் 0.22.

வீட்டு ஆய்விலும் குறையுண்டு. தெருவோரத்திலும் விடுதிகளிலும் சிறைகளிலும் வாழ்வோரை அது காண்பதில்லை. ஆகவே இரு வகைத் தரவுகளையும் இணைத்தே புதிய மதிப்பீடு ஆக்கப்பட்டது. தொகை குறைந்தமை ஆறுதல் தந்தது. ஆயினும் இருபத்தைந்து இலட்சம் என்பதும் சிறிய தொகை அன்று.

அமெரிக்கா கண்ட வழி

இந்நாட்டில் தொடக்க காலத்திற் பின்னோக்கிக் கணிக்கும் முறை கையாளப்பட்டது. இன்று எயிட்ஸ் நோயாளராக வருவோரின் தொகையும், தொற்றுக்கும் நோய்க்கும் இடைப்பட்ட காலமும் தெரிந்தால், கடந்த ஆண்டுகளில் எத்தனை பேருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கும் எனக் கணிக்கலாம். 1996 முதல் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சை நோய் வெளிப்படுவதைத் தடுத்தமையால் இம்முறை பயனற்றுப் போயிற்று.

பிற்காலத்தில் சி.டி.4 எனும் குருதியணுவின் எண்ணிக்கை துணைக்கு வந்தது. நலமுடையவரிடத்தில் ஒரு கன மில்லிமீற்றருக்கு ஐந்நூறுக்குக் குறையாதிருக்கும் இவ்வணுக்கள், சிகிச்சையற்றவரிடத்தில் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே செல்லும். ஒருவருக்குத் தொற்று கண்டறியப்படும் நாளில் அவரது எண்ணிக்கையைப் பார்த்து, அவர் எத்தனை ஆண்டுகளாக அறியாதிருந்தார் என மதிப்பிடலாம். அவ்வாறு பல்லாயிரம் பேரின் தாமதத்தை அறிந்தால், இன்னும் அறியாதிருப்போரின் தொகை புலப்படும். 2003இன் இறுதியில் இந்நாட்டிற் தொற்றுடையோரில் நால்வரில் ஒருவர் அதனை அறியாதிருந்தார். 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 12 இலட்சம் பேரில் எட்டில் ஒருவரே அறியாதவர்.

இவ்வரலாற்றில் ஒரு கசப்பான அத்தியாயமும் உண்டு. 1988 முதல் பல மாநிலங்களில், பிறந்த குழந்தைகளிடமிருந்து வேறு பரிசோதனைகளுக்காக எடுக்கப்பட்ட குருதியின் எஞ்சிய துளிகள் பெயர் நீக்கி எச்.ஐ.வி.க்காகச் சோதிக்கப்பட்டன. குழந்தையின் குருதி தாயின் தொற்றைக் காட்டும். கணக்கு செம்மையாகக் கிடைத்தது. தாய்க்கோ எதுவும் தெரிவிக்கப்படவில்லை. 1994இல், கர்ப்ப காலத்தில் வழங்கும் மருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பை மூன்றில் இரு பங்கு குறைக்கும் என நிறுவப்பட்டது. அறிந்தும் அறிவியாதிருத்தல் அதன்பின் நியாயமாகுமா? எழுந்த கண்டனங்களால் 1995இல் அவ்வாய்வு நிறுத்தப்பட்டது.

அகதியின் குருதி

நம்மவருள் முன்னர் வந்தோர் பலர் குருதிப் பரிசோதனை என்றதும் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 1987 முதல் தொற்றுடைய அயல்நாட்டார் இந்நாட்டுக்குள் நுழைவது தடுக்கப்பட்டது. 1993இல் காங்கிரஸ் அதனைச் சட்டமாகவே ஆக்கிற்று. நிரந்தர வதிவிடம் கோரிய 15 வயதுக்கு மேற்பட்ட யாவரும் பரிசோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. ஹெயிட்டி நாட்டிலிருந்து கடல்வழியே தப்பி வந்த அகதிகளில், தஞ்சம் கோரத் தகுதியுடையோர் எனக் காணப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்டோர், தாமோ குடும்பத்தினரோ தொற்றுடையோர் என்ற காரணத்தால் குவாந்தனாமோ முகாமில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். 1993 ஜூனில் நீதிபதி ஸ்ரேலிங் ஜோன்சன் அவர்களை விடுவிக்க ஆணையிட்ட பின்னரே அம்முகாம் மூடப்பட்டது.

பரிசோதனையை வாயிற்காவலனாக்கிய அந்தத் தடை 2010 ஜனவரி 4ஆம் திகதி நீங்கிற்று. ஆயினும் சட்டம் நீங்கினாலும் அச்சம் எளிதில் நீங்குவதில்லை. அச்சமுள்ளவிடத்து மக்கள் ஒளிவர்; மக்கள் ஒளிந்தால் கணக்கும் பிழைக்கும், சிகிச்சையும் பிந்தும்.

நாம் செய்யத்தக்கது

13 முதல் 64 வயது வரையான ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறையேனும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டுமென நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2006இல் பரிந்துரைத்தது. ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி அதில் இல்லை. இரத்த அழுத்தம் பார்ப்பது போன்றதே. தொற்று உறுதியானால் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்துக்குப் பெயருடன் அறிவிக்கப்படும் என்பது உண்மை. அத்தகவல் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதும் சட்டமே. சிகிச்சையை ஒழுங்காகப் பெற்றுக் குருதியில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால், பாலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றாது என்பதும் இன்று நிறுவப்பட்ட உண்மை.

ரவுண்ட் ராக்கிலும் அயல் ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களில், "நம்மவருக்கு இது வராது" என்று கூறுவோர் இன்றும் உளர். 1985இல் சென்னையிற் கூறப்பட்டதும் அதுவே. குடும்ப வைத்தியரிடம் வழமையான குருதிப் பரிசோதனையின்போது இதனையும் கேட்டுப் பெறலாம். அதற்கு வெட்கப்படுவோருக்கு, வீட்டிலேயே தாமாகச் செய்யத்தக்க பரிசோதனைப் பொதி 2012 முதல் மருந்துக்கடைகளில் விற்கப்படுகிறது. தொற்றுடையவர் ஒருவர் நம்மிடையே இருப்பாராயின், அவரைத் தள்ளி வைக்காதிருப்பது நம் கடன்.

அறியாதோர் எத்தனை பேர் என்பதை அறிஞர்கள் கணிப்பர். அத்தொகையிலிருந்து ஒருவரைக் குறைக்க வல்லவர் அந்த ஒருவரே.